துப்பாக்கிக்கு ஜாயின்ட் அக்கவுன்ட் கிடையாது

ஜோடியாகத் துப்பாக்கி வாங்கப் போகும் அமெரிக்கத் தம்பதிகள் கடை கவுன்ட்டரில் திணறுகிறார்கள். காரணம்: சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது தனி மனிதர் மட்டுமே.

அமெரிக்காவில் வீட்டைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் வாங்கலாம். கார், வங்கிக் கணக்கு, வருமானவரிக் கணக்கு என்று எதிலும் இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போடலாம். துப்பாக்கிக் கடை கவுன்ட்டரில் மட்டும் அவர்கள் இரண்டு அந்நியர்கள்.

அங்கே அடிக்கடி நடப்பது இதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கிகளைக் கணவர் பார்க்கிறார். ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்க்கிறார், விலை விசாரிக்கிறார். எல்லாம் முடிந்து பணம் கட்டும் நேரத்தில், "படிவத்தை என் மனைவி நிரப்பட்டும்" என்கிறார். அவருடைய டிரைவிங் லைசென்ஸில் பழைய முகவரி இருக்கலாம். அல்லது பர்ஸையே வீட்டில் மறந்திருக்கலாம். சிப்பந்தியின் முகம் மாறுகிறது. துப்பாக்கி மறுபடி பெட்டிக்குள் போகிறது. விற்பனை ரத்து. 'எங்கள் பணம், எங்கள் வீடு, இவருக்கு என்ன வந்தது?' என்று தம்பதி கொதிக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான எரிச்சலும் உண்டு. துப்பாக்கி வேண்டியது மனைவிக்கு. ஆனால் பழக்கதோஷத்தில் சிப்பந்தி பேசுவதெல்லாம் கணவரிடம். படிவத்தை எடுத்ததும் அதே சிப்பந்தி மனைவி பக்கம் திரும்பி, "இது நிஜமாகவே உங்களுக்குத்தானா?" என்று குறுக்கு விசாரணை செய்கிறார். அதுவரை அவரைப் பேசவே விடாதவர், இப்போது அவர் பேச்சை நம்ப மறுக்கிறார்.

இத்தனைக்கும் மூலம் 4473 என்ற எண்ணுள்ள ஒரு படிவம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியில் வந்தது. லைசென்ஸ் பெற்ற எந்தக் கடையில் துப்பாக்கி வாங்கினாலும் இதை நிரப்பியாக வேண்டும். படிவத்தை வெளியிடுவது மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். படிவத்தின் 2023 பதிப்பில் 21ஆம் பகுதியின் முதல் கேள்வியே சிக்கலானது: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? பதில் 'இல்லை' என்றால் கடை விற்கக்கூடாது. பொய்யாக 'ஆம்' என்றால் 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

ஒருவர் பேரில் வாங்கி இன்னொருவர் அனுபவிப்பதற்கு நம்மூரில் பினாமி என்று பெயர். அந்தக் கேள்வி வலை வீசுவது பினாமிகளுக்குத்தான். ஆனால் அதில் சில சமயம் தம்பதிகளும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பரிசு கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. மனைவி தன் பணத்தில் துப்பாக்கி வாங்கிக் கணவரின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம். அப்போது 'உண்மையில் வாங்குபவர்' அவர்தான் என்று படிவத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. இரண்டு நிபந்தனைகள்: பதிலுக்குக் கணவர் பணமோ வேறு மதிப்புள்ள பொருளோ தரக்கூடாது, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடை செய்த நபராக அவர் இருக்கக்கூடாது. கணவர் பணம் கொடுத்து 'போய் வாங்கி வா' என்றால் கதை மாறுகிறது. அவர் எந்தக் குற்றமும் செய்யாதவராக இருந்தாலும் அது பினாமி வியாபாரம்.

இருவர் சம்பளமும் ஒரே கணக்கில் விழும் வீட்டில் எது யார் பணம்? படிவம் ஒரு மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்த நூலிழை வித்தியாசத்தைக் கவுன்ட்டரில் நின்றபடி கணிக்க வேண்டிய பொறுப்பு சிப்பந்தியின் தலையில் விழுகிறது. அவர் எடுக்கும் சுலபமான முடிவு, விற்காமல் இருப்பது.

குற்றம் செய்யாதவருக்காக வாங்கினாலும் தவறா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. வர்ஜீனியாவைச் சேர்ந்த முன்னாள் போலீஸ்காரர் புரூஸ் ஆப்ராம்ஸ்கி, போலீஸ்காரர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் 2009இல் ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். வாங்கியது பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக. மாமா முன்கூட்டியே 400 டாலருக்குச் செக் அனுப்பியிருந்தார். மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர். அவர் ஊரில் லைசென்ஸ் பெற்ற கடை மூலம், மறுபடி சோதனை நடத்தித்தான் துப்பாக்கி கைமாறியது. தவறு ஒன்றே ஒன்று: படிவத்தில் ஆப்ராம்ஸ்கி 'ஆம்' என்று எழுதியிருந்தார். 2014 ஜூனில் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாமாவுக்கே இந்தக் கதி என்றால் மனைவிக்கு என்ன சலுகை என்று கடைக்காரர்கள் உஷாரானார்கள்.

இந்தியாவில் துப்பாக்கி வேண்டுமென்றால் முதலில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை முடிந்து, அதிகாரி ஒப்புதல் தந்த பிறகுதான் கடைப்பக்கமே போகலாம். இங்கும் லைசென்ஸ் தனி நபர் பேரில்தான். கணவர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கியை மனைவி தானாக வைத்துக்கொள்ள முடியாது. தன் பேரில் லைசென்ஸ் பெற வேண்டும். அதாவது, இங்கே வடிகட்டும் வேலை கடைக்கு வெளியே நடக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படி முன்னனுமதி எதுவும் கிடையாது. கடையில் நிரப்பும் படிவமும், 1998 நவம்பரில் தொடங்கிய எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சோதனையும்தான் வடிகட்டி. பெரும்பாலானோருக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். சோதனை ஆராய்வதோ படிவத்தில் உள்ள பெயரை மட்டும். பக்கத்தில் நிற்பவரை அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் சிப்பந்தி.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டர் ஊர் சாட்சி. பாட்டியைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறை சென்று வந்த ஒருவர், 2010இல் பக்கத்து வீட்டு இளம்பெண்ணுடன் கடைக்குப் போனார். துப்பாக்கிகள் வாங்கப்பட்டது அவருக்காக. படிவத்தில் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது. 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் அந்த மனிதர் தன் வீட்டுக்குத் தீ வைத்தார். அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களைச் சுட்டார். இருவர் இறந்தனர். கையெழுத்துப் போட்ட பெண் சிறைக்குப் போனார். 2022இல் நிறைவேறிய சட்டம் பினாமி வாங்கலையே தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரை சிறை என்றது.

ஆபத்து வெளியாட்களால் மட்டும் வருவதில்லை. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்பது 1994இல் வந்த சட்டம். மனைவியை அடித்து, சிறு குற்றம் என்ற அளவில் தண்டனை பெற்றவருக்கும் 1996இல் தடை வந்தது. முதல் தடை செல்லும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் உறுதி செய்தது. இப்படித் தடை பெற்ற கணவருக்குத் துப்பாக்கி கிடைக்கச் சுலபமான வழி எது? மிரட்டலுக்குப் பணியும் மனைவியின் கையெழுத்துதான். 'இது யாருக்கு?' என்று அவரைத் தனியாக அழைத்துக் கேட்கும் கடைசி ஆள் அந்தச் சிப்பந்தியாக இருக்கலாம்.

சட்டம் போதாதென்று கடைகளின் சொந்த விதிகள் வேறு. மளிகையும் வேட்டைத் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் விற்கும் வால்மார்ட், 2018இல் வாங்குபவரின் குறைந்தபட்ச வயதை 21 ஆக்கியது. ரைஃபிளுக்கு மத்திய சட்டம் கேட்பது 18தான். கல்யாணம் செய்துகொள்ளலாம், ராணுவத்தில் சேரலாம், ஆனால் வால்மார்ட்டில் வேட்டைத் துப்பாக்கி வாங்க முடியாது என்ற நிலையில் நிற்கின்றன 20 வயது ஜோடிகள்.

அமெரிக்கா வாழ் இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாம். ஹெச்-1பி, ஹெச்-4, மாணவர் விசாக்களில் இருப்பவர் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் முக்கிய விலக்கு. ஒரே வீட்டில் ஒருவர் கிரீன் கார்டு, மற்றவர் விசா என்றால், ஒருவருக்கு உரிமையான பொருள் மற்றவருக்குக் குற்றம். விசாக்காரரின் கைக்கு எட்டாதபடி அதைப் பூட்டி வைப்பது அவசியம். மீறினால் சிறை மட்டுமல்ல, நாடு கடத்தப்படும் அபாயமும் உண்டு.

தொல்லையைத் தவிர்க்கும் வழி எளிது. துப்பாக்கி யாருக்கோ அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், அவரே பேச வேண்டும், படிவத்தை நிரப்பிப் பணமும் கட்ட வேண்டும். மற்றவர் நாலு அடி தள்ளி நிற்பது உத்தமம். அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இல்லையென்றால், வாகனப் பதிவுச் சான்று போல முகவரி காட்டும் அரசு ஆவணம் ஒன்றைக் கூடவே எடுத்துப் போகலாம். கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றிய பெண்கள் அட்டையிலும் முதலில் மாற்றிவிடுவது நல்லது. பரிசு கொடுக்க ஆசைப்பட்டால் கடையின் கிஃப்ட் கார்டு போதும். பெறுபவரே வந்து வாங்கிக்கொள்வார். மாநிலச் சட்டங்கள் வெவ்வேறு என்பதால் அதையும் விசாரிப்பது நல்லது. கலிபோர்னியாவில் எந்தத் துப்பாக்கிக்கும் 10 நாள் காத்திருக்க வேண்டும். இல்லினாய்ஸில் தனி அடையாள அட்டை வேண்டும்.

தன் மனைவியையே பினாமி என்று சந்தேகிப்பது எந்தக் கணவருக்கும் கோபத்தைத் தரும். அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஆனால் நல்ல தம்பதியையும் மிரட்டப்பட்ட மனைவியையும் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவரால் முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அதனால் இருவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார். முதல் ஜோடிக்கு அதனால் ஒரு மாலைப்பொழுது வீணாகலாம். இரண்டாவது பெண்ணுக்கு உயிர் பிழைக்கலாம்.