கட்டில் காலியான பிறகு

ஐப்பசி அடைமழையில் டெங்குக் காய்ச்சலால் துவண்டும், வயற்காட்டில் தேள் கொட்டியும், நிறைந்தோடும் வாய்க்காலில் தவறி விழுந்தும் காவிரிப் பாசனக் கிராமங்களின் குழந்தைகள் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வந்து சேரும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் கண்விழித்து அவர்களைக் காப்பவர்கள், தாய்மார்கள் ‘சிஸ்டர்’ என்றழைக்கும் செவிலியரே ஆவர். ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 28 சிசுக்கள் இறந்த 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அவ்வெண் 13 ஆகக் குறைந்திருந்ததென்றால், அதில் இவர்களுடைய சிரத்தைக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் மரணம் அரிதாக அரிதாக, நேர்கிற ஒவ்வொன்றும் ‘இதையும் காப்பாற்றியிருக்கலாமே’ என்ற கேள்வியோடு முன்னிலும் கனமாக அவர்கள் நெஞ்சில் இறங்குகிறது என்றே நான் கருதுகிறேன்.

தொண்ணூறு வயதுக் கிழவர் போனால் கல்யாணச் சாவு என்று ஆற்றிக்கொள்ள நமக்கு ஒரு சொல் இருக்கிறது. குழந்தை போனால் அப்படியொன்றுமில்லை. கன்னத்தில் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரியைத் தோல் உரியாமல் மெல்லப் பிரித்து, தாய் வைத்த திருஷ்டிப் பொட்டு கலையாதபடி முகத்தைத் துடைத்து, சேர்த்த அன்று கழற்றிப் பொட்டலமாக வைத்திருந்த வசம்பு வளையலை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும் செவிலியருக்கு, அந்தத் தாயின் அலறல் அடங்குமுன்னரே அதே கட்டிலுக்கு வேறொரு குழந்தை வந்துவிடுகிறது. அழ அவகாசமின்றி அடக்கிய துக்கம் வீடுவரை கூடவே சென்று, உறக்கத்தைக் கெடுத்து, தம் சொந்தப் பிள்ளைக்குச் சிறிது உடம்பு சுட்டாலும் பதைக்கச் செய்கிறது.

இதன் முற்றிய நிலையை, கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்னும் உளவியல் அறிஞர்கள் 1981-இல் வகுத்த அளவுகோல், மனம் வறண்டுபோதல், மனிதரை ஜடப்பொருளாகக் காணத் தொடங்குதல், செய்யும் வேலையால் பயனில்லையென எண்ணுதல் என மூன்றாகப் பிரித்து அளக்கிறது. இன்னது செய்வதே தகும் என்றறிந்தும் செய்ய வழியின்றி நிற்கும் வேதனையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அறிஞர் தனியே பெயரிட்டு விளக்கினார். பிழைக்காதென்று தெரிந்த சிசுவுக்கு மேலும் மேலும் ஊசி குத்த நேர்கையில் செவிலியர் படுவது அதுதான். கல்நெஞ்சக்காரி என்று உறவினர் ஏசும் செவிலி பெரும்பாலும் இவ்வாறு வறண்டுபோனவரே.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். வெந்த உடல்களைத் தாங்கிய செவிலியரின் துயரத்தை நாம் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியர் ஜோனதன் பார்ட்டெல்ஸ், ஓர் உயிர் பிரிந்ததும் அதைக் காக்க முயன்ற அனைவரும் சிறிது நேரம் மௌனமாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அம்மௌனம் நம் வார்டுகளுக்கும் வரவேண்டும். அதன்பின், இறந்த குழந்தையைக் கவனித்த செவிலியர் வெளியே வந்து முகம் கழுவி, மூத்த சிஸ்டர் ஒருவரோடு சற்றுப் பேசிவிட்டுத் திரும்பும்வரை, அவர் பொறுப்பிலுள்ள மற்றக் குழந்தைகளின் வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் பணியில் இருக்க வேண்டும், இரவு ஷிப்டிலும்.