மைதானத்தில் பார்க்கட்டும், விளம்பரத்தில் வேண்டாம்!

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீடு என்றால் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் வீரர் சிரித்துக் கொண்டிருப்பார்! அவரைப் போலவே கிராப்பு, அவர் எண் போட்ட பனியன். "இதென்னடா பைத்தியம்?" என்று நாம் அலுத்துக் கொள்கிறோம்.

அலுத்துக் கொள்ளாதீர்கள், சகோதரிகளே! வளரும் வயதில் பிள்ளைகள் யாரையாவது பார்த்துத்தான் நடப்பார்கள். அவரிடம் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு வாண்டு பால் டம்ளரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்வான். டி.வி.யில் ஆட்டக்காரர் குளிர்பான பாட்டிலைத் தூக்கிவிட்டால் போதும், "எனக்கும் அதுதாம்மா வேணும், அதைக் குடிச்சாத்தான் சிக்ஸர் அடிக்க முடியும்" என்பான். காசு வாங்கிக் கொண்டு நடிப்பது அது என்று அந்தப் பிஞ்சுக்கு எப்படித் தெரியும்? 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூன் இருக்கிறது. பெரியவர்களுக்கே நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

விளையாட்டு வீரர்களிலேயே இதை யோசித்தவர் ஒருவர் உண்டு. புல்லேலா கோபிசந்த் 2001-இல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்றார். 1980-இல் பிரகாஷ் படுகோனே வென்றதற்குப் பிறகு அதை வென்ற இந்தியர் அவர்தான். உடனே கோலா விளம்பரம் வாசலுக்கு வந்தது. குழந்தைகளுக்கு நல்லதல்லாத ஒன்றை விற்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

சச்சின் டெண்டுல்கரை எடுத்துக் கொள்ளுங்கள். தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகப் புகையிலை விளம்பரத்தைத் தொடாதவர். அதே சச்சின் குளிர்பான விளம்பரங்களில் நடித்திருக்கிறார். ஆகவே, ஒருவரை முழுசாக அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டியதில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போல, நல்லதை வைத்துக் கொண்டு மற்றதை ஒதுக்கக் குழந்தைக்குப் பழக்க வேண்டும்.

நல்லதற்கா பஞ்சம்? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார். வெண்கலம் வாங்கியவர் 55.41! நூறில் ஒரு பங்கு விநாடியில் கைநழுவியது பதக்கம். உஷா மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் அள்ளினார். பரீட்சையில் ஒரு மார்க் குறைந்ததற்குச் சாப்பிடாமல் அழும் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

கைபேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைக்கு பி.வி. சிந்துவைச் சொல்லலாம். 2016-இல் ரியோவில் வெள்ளி வாங்கினாரே, அதற்கு முந்தைய மூன்று மாதங்கள் அவரிடம் கைபேசியே கிடையாது. பயிற்சியாளர் வாங்கி வைத்துவிட்டார். ரியோவில் ஐஸ்கிரீமுக்கும் தடை. அந்தப் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, கோலாவை மறுத்த அதே கோபிசந்த்தான்.

அடுத்த தடவை வீட்டில் மேட்ச் ஓடும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். "அவுட் கொடுத்ததும் முணுமுணுக்காம எப்படி நடந்து போறார் பாத்தியா? தோத்த பிறகும் கை கொடுத்தாரே, கவனிச்சியா?" என்று கேளுங்கள். விளம்பரம் வந்தால், "இது ஆட்டமில்லை கண்ணா, வியாபாரம்" என்று சிரித்துக் கொண்டே சொல்லுங்கள். திட்டிச் சொன்னால் காதில் ஏறாது.

சுவரில் படம் இருந்துவிட்டுப் போகட்டும். விடியற்காலை எழுந்து ஓடுவதும், தோற்றால் மறுபடி முயல்வதும் அந்தப் படத்திலிருந்து பிள்ளையிடம் இறங்கி வந்தால் போதாதா?