அட்டையைத் திருப்புவதற்கு முன்

ஃபிளாஷ் கார்டு என்றதும் எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆப்பிள் படம் காட்டும் அட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஜெர்மன் தேர்வுக்குப் படிக்கும் செவிலியருக்கும், ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகவிருக்கும் பொறியியல் பட்டதாரிக்கும் அது எதற்கு என்று கேட்பீர்கள். தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டில் சொற்களைப் படிக்க நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான்: நோட்டில் நடுவே கோடு, இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் தமிழ். மேலிருந்து கீழாக நாலு தடவை வாசிப்போம். நான்காவது தடவை எல்லாமே தெரிந்தது போலிருக்கும். கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். நோட்டை மூடினால் வாய்க்கு வராது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லுக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகும் சிலரிடம் அதையே மறுபடி மறுபடி கேட்டார்கள். வேறு சிலரிடம், தெரிந்த சொல்தானே என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தொடர்ந்து கேட்கப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் நினைவிருந்தது. மற்றவர்களுக்கு 35 சதவீதம் அளவில்தான். இவர்களில் ஒரு பிரிவினர் எல்லாச் சொற்களையும் கடைசிவரை வாசித்துக்கொண்டே இருந்தவர்கள். அந்த வாசிப்பு கைகொடுக்கவில்லை.

ஆக, அட்டையின் பலன் அதைத் திருப்புவதற்கு முந்தைய சில நொடிகளில் இருக்கிறது. சொல் தொண்டைவரை வந்து நிற்கிறதே, அந்தத் தவிப்புதான் படிப்பு. பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள், தப்பானாலும் பரவாயில்லை. பிறகு திருப்புங்கள். வரவில்லை என்றதும் புரட்டிப் பார்த்தால், அது பழைய நோட்டுப் படிப்பேதான்.

அடுத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது? இதற்கு செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் தன் ஜெர்மன் நூலொன்றில் ஒரு வழி சொன்னார். ஐந்து அறைகள் கொண்ட பெட்டி. வீட்டில் ஐந்து ரப்பர் பேண்டு இருந்தால் ஐந்து கட்டுகளாகவே வைத்துக்கொள்ளலாம். புது அட்டை முதல் கட்டில் சேரும். சரியாகச் சொன்னால் அடுத்த கட்டுக்கு ஏறும். தவறினால், எந்தக் கட்டில் இருந்தாலும் முதல் கட்டுக்கே திரும்பும். முதல் கட்டு தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் போதும். தெரிந்த சொல் நேரத்தைத் தின்னாது. தெரியாதது தினமும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஆங்கி போன்ற செயலிகள் இது போன்ற இடைவெளிக் கணக்கைத் தாமே போட்டுக்கொடுக்கின்றன.

இனி, அட்டையில் என்ன எழுதுவது? ஒரு அட்டைக்கு ஒரு கேள்விதான். ஜெர்மனில் பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதக் கூடாது, பால் காட்டும் சொல்லோடு சேர்த்தே எழுத வேண்டும். கரண்டி ஆண்பால், 'டேர் லோஃபெல்'. முள்கரண்டி பெண்பால், 'டீ காபெல்'. கத்தி இரண்டுமில்லை, 'டாஸ் மெஸர்'. தமிழில் பொருளைப் பார்த்தால் பால் தெரிந்துவிடும். அங்கே அப்படியில்லை; சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' கூட 'டாஸ்'தான். அதனால் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை என்று மை மாற்றி விடைப்பக்கத்தில் எழுதுங்கள். தமிழைப் பார்த்து ஜெர்மன் சொல்லும் பக்கம்தான் கடினம். பேசும்போது தேவைப்படுவதும் அதுவே.

இலக்கணத்துக்கு அட்டை உதவாது என்பார்கள். விதியை அப்படியே எழுதினால் உதவாதுதான். 'மிட்' என்ற சொல்லுக்குப் பின் ஜெர்மனின் நான்காம் வேற்றுமை அல்ல, மூன்றாம் வேற்றுமைதான் வரும் என்று ஒப்பிக்கலாம். வாக்கியம் பேசும்போது அது வந்து நிற்காது. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியத்தை எழுதி ஓரிடத்தைக் காலியாக விடுங்கள். 'கத்தியால் ரொட்டி வெட்டுகிறேன்' என்பதற்கு 'இஷ் ஷ்னைடெ டாஸ் ப்ரோட் மிட் ____ மெஸர்'. பின்பக்கம் 'டேம்'. அடுத்த அட்டையில் முள்கரண்டியை வையுங்கள்; 'டீ' இங்கே மாறிவிடும், விடை 'டேர்'. இன்னொரு ஜோடி: பள்ளிக்குப் போகிறேன் என்றால் 'இன் டீ ஷூலெ', பள்ளியில் இருக்கிறேன் என்றால் 'இன் டேர் ஷூலெ'. நாம் 'க்கு', 'இல்' என்று உருபு மாற்றிச் சொல்வதை அவர்கள் முன்னால் வரும் சொல்லை மாற்றிச் சொல்கிறார்கள். இப்படி ஏழெட்டு வாக்கியம் வாயில் புரண்டபின் விதியைப் படித்தால், ஏற்கெனவே தெரிந்ததற்குப் பெயர் வைத்தது போலிருக்கும்.

ஆர்வத்தில் முதல் நாளே ஐம்பது அட்டை எழுதிவிடாதீர்கள். இன்று எழுதியதெல்லாம் நாளைக்குத் திரும்பி வரும். அடுத்த வாரமே கட்டு மலைபோல் குவிந்து, அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். நாளுக்குப் பத்து புது அட்டை தாராளம். பழையதை முடித்துவிட்டுத்தான் புதிது.

ஓர் அட்டை ஐந்தாறு தடவை தவறிக்கொண்டே இருந்தால் உங்கள் நினைவாற்றலைத் திட்ட வேண்டாம். அட்டை சரியில்லை என்று பொருள். கிழித்துப்போட்டு, உங்கள் வீட்டு ஆட்களும் சாமான்களும் வருகிற வாக்கியமாக வேறொன்று எழுதுங்கள். காது பழகுவதற்கும் எதிராளியிடம் தடுமாறாமல் பேசுவதற்கும் அட்டை போதாது. அதற்கு வகுப்பும் பேச ஆளும் வேண்டும். ஆனால் அங்கே போய் உட்காரும்போது சொல்லுக்காகத் திணறாமல், சொல்ல வந்த விஷயத்தில் கவனம் வைக்கலாம்.