இயங்குதளம் மாறலாம், எமது ஆவணங்கள் அழியலாமா?

கைபேசி இல்லாத லயம் இன்று இல்லை. ஆனாலும் மனு எழுதவும், முறைப்பாட்டை அச்செடுக்கவும், பழைய படங்களைச் சேமித்து வைக்கவும் மடிக்கணினியே துணையாக உள்ளது. கந்தப்பளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நான் சந்திக்கும் பெண்கள் பலரிடம் பிள்ளைகள் பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது. 2025 ஒக்டோபருக்குப் பிறகு அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: "விண்டோஸ் 10 முடிஞ்சிருச்சாமே மிஸ், கடையில போமட் பண்ணிப் புதுசு போடணும்னு சொல்றாங்க. குடுக்கலாமா?"

முடிந்தது எது?

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் வைரஸ் நுழையும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழமைபோல் வராது. தனிப்பட்ட பாவனையாளர் பதிவுசெய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை அவற்றைப் பெறலாம் என நிறுவனம் அறிவித்தது.

இது வெறும் வியாபாரப் பயமுறுத்தல் அல்ல. 2017 மே மாதத்தில் 'வனாகிரை' என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள்கூடத் தடுமாறின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதைப் போடாத கணினிகளே அகப்பட்டன.

ஆகவே மாறுவது நல்லது. எப்படி மாறுகிறோம் என்பதில்தான் எமது கவனம் இருக்க வேண்டும்.

ஒரு தாயின் கோப்பு

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. யுத்தம் அங்கேயும் அவர்களைத் துரத்தியது. அப்படிப் போய், 2009இல் மகனைத் தொலைத்துவிட்டு, உறவினரை நாடித் தோட்டத்துக்கே திரும்பிய ஒரு தாயை நான் அறிவேன். 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் தொடர்பான ஆணைக்குழு, பின்னர் 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒவ்வோர் இடத்துக்கும் அவர் எழுதிய கடிதங்கள் கணினியில் இருந்தன. மகனைக் கடைசியாகக் கண்ட திகதியும் இடமும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதால், பழைய கடிதத்தைப் பார்த்தே புதியதை எழுதுவார்.

கடையில் போமட் செய்து விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார்கள். பென்டிரைவில் வைத்திருந்த கடிதங்களைத் திறந்தபோது தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பிக் கிடந்தன. மகன் இரண்டாம் தடவையும் காணாமற்போனதுபோல அந்தத் தாய் அழுதார்.

உண்மையில் கடிதங்கள் அழியவில்லை. அவை 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் பலரும் பல வருடங்களாகப் பாவித்தது இதுவே. பாமினியில் 'அம்மா' என்ற சொல்லைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமித்து வைக்கிறது. எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். பாமினியை மீண்டும் பதிந்ததும் கடிதங்கள் அனைத்தும் திரும்பி வந்தன. ஆனால் பென்டிரைவில் போடாமல் கணினியில் மட்டும் வைத்திருந்த மகனின் பாடசாலைப் படம் திரும்பவே இல்லை.

செய்ய வேண்டியவை

முதலில், கடிதங்கள், படங்கள், ஸ்கேன் செய்த அடையாள அட்டைகள் யாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடமும் மற்றது நம்பிக்கையான உறவினரிடமும் இருக்கட்டும். வேறு கணினியில் திறந்து பார்த்த பின்பே லப்டொப்பைக் கடைக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, 'பொன்ட்ஸ்' என்ற கோப்புறையிலுள்ள பாமினி எழுத்துருவையும் அதே பென்டிரைவில் போடுங்கள். முக்கிய கடிதங்களை யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் கைபேசியிலும் வாசிக்கலாம். இணையத்தில் மாற்றித்தரும் தளங்கள் உள்ளன. ஆயினும் சாட்சியங்களும் பெயர்களும் அடங்கிய மனுக்களை அவற்றில் இட வேண்டாம். உங்கள் கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பாவியுங்கள்.

மூன்றாவது, போமட் செய்வது வேறு, மேம்படுத்துவது வேறு. விண்டோஸ் 10இலிருந்து 11க்கு நேரடியாக மேம்படுத்தும்போது கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவு உண்டு. உரிமமுள்ள விண்டோஸ் 10க்கு இது இலவசம். பெரும்பாலும் 2018க்குப் பின் வந்த கணினிகளே இதற்குத் தகுதியானவை. குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அமைப்புகளில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதியைத் திறந்தால் தகுதி உண்டா எனத் தெரியும். தகுதி இல்லாவிட்டால் கடன்பட்டுப் புதியது வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் பழைய கணினியிலும் ஓடும். தமிழும் எழுதலாம்.

நான்காவது, இந்த வேலைக்குப் பல ஜிபி டேட்டாவும் சில மணி நேரமும் தேவை. மழையும் இடியும் உள்ள நாளில் தொடங்க வேண்டாம். பற்றரி நிறைந்திருக்க, சார்ஜரும் இணைந்திருக்கட்டும். இடையில் கரண்ட் போய்க் கணினி நின்றால் சிக்கலாகும்.

சகோதரிகளே, கடைக்காரருக்கு அது ஒரு இயந்திரம். எமக்கோ அது சாட்சி. "போமட் செய்வீர்களா, மேம்படுத்துவீர்களா? எனது கோப்புகள் எங்கே இருக்கும்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். முடிந்தால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான ஒவ்வொரு கடிதத்திலும் ஓர் அச்சுப்பிரதி எடுத்து வையுங்கள். கடதாசியை வாசிக்க எந்த எழுத்துருவும் தேவையில்லை.