சரக்கு ரயில் ஒதுங்கி நிற்கட்டும்

மாணவர்களே, கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு கொமுட்டரில் போகும்போது, கொள்கலன்களைச் சுமந்துகொண்டு ஓரமாக நிற்கும் சரக்கு ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கிள்ளான் துறைமுகத்துச் சரக்கும் பயணிகளும் ஒரே தண்டவாளத்தைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். சரக்கு ரயில் முந்திக்கொண்டால், பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு.

ஐந்து நண்பர்கள் சேர்ந்து தமிழ் அகராதிச் செயலி ஒன்றை உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்ததும், ஒரு கணினி தானாகவே முழுச் செயலியையும் உருவாக்கி, சோதித்து, ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று சொல்லிவிடும். இதுதான் தொடர் ஒருங்கிணைப்பு. ஒவ்வொரு ஓட்டத்தையும் ‘பில்ட்’ என்பார்கள். கொசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியர் 2005இல் வெளியிட்ட ‘ஹட்சன்’ இந்த வேலையைச் செய்தது. 2011இல் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் இன்று பலரும் பயன்படுத்தும் ‘ஜென்கின்ஸ்’.

பில்ட் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பார் அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக். அதற்குள் பதில் வந்தால், எழுதியது இன்னும் மனத்தில் இருக்கும். ஒரு மணி நேரம் ஆனால்? காத்திருந்து அலுத்தவர், பல மாற்றங்களை மூட்டையாகக் கட்டி ஒரேயடியாக அனுப்புவார். அப்புறம் பிழை எந்த மாற்றத்தில் என்று தேடுவதே பெரும்பாடு.

தமிழின் 247 எழுத்துகளும் திரையில் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்கச் சில நொடி போதும். அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் பலவகைக் கைப்பேசிகளில் காட்டிப் பார்க்கவோ பல மணி நேரமாகும். இதுதான் நம் சரக்கு ரயில்.

‘அதைப் பின்னணியில் ஓடவிட்டால் போதாதா?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பின்னணி வேலை, பில்ட்டின் வெளியீட்டுக் குழாயையே பிடித்துக்கொண்டிருந்தால், அது விடும்வரை ஜென்கின்ஸ் காத்திருக்கக்கூடும். பில்ட் முடிந்ததும், மிச்சமாக ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தேடி நிறுத்திவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. அதிலும் தப்பிப் பிழைத்தால், அந்த வேலை அடுத்த பில்ட்டோடு அதே கணினிக்குப் போட்டி போடும். லினக்ஸில் ‘நைஸ்’ கட்டளையால் அதன் முன்னுரிமையை 19 வரை இறக்கலாம். எண் ஏற ஏற முன்னுரிமை குறையும்! அப்போது செயலியகத்தை விட்டுக்கொடுக்கும், நினைவகத்தை விட்டுக்கொடுக்காது.

ஆகவே தனி வேலை, தனி வரிசை, முடிந்தால் தனிக் கணினி. செரண்டாவிலிருந்து கோலாலம்பூருக்குள் நுழையாமல் கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்குப் பாதை போடும் திட்டமும் இதே எண்ணம்தான். விரைவுச் சோதனை முடிந்ததும் பில்ட் ‘சரி’ சொல்லிவிட்டு, உருவான செயலியை மெதுவான வரிசையிடம் ஒப்படைக்கும். அங்கே பத்து மாற்றங்கள் காத்திருந்தாலும் கடைசியானதைச் சோதித்தால் போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இரவுச் சோதனை ‘தவறு’ என்றால், குற்றவாளி யார் என்று உடனே தெரியாது. கடைசியாகச் சரியாக இருந்ததற்குப் பிறகு 16 மாற்றங்கள் வந்திருந்தால், நடுவில் உள்ளதைச் சோதியுங்கள். பிழை எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். 16, 8, 4, 2, 1: நான்கே சோதனை. ‘கிட்’ மென்பொருளில் இதற்கென்றே ‘பைசெக்ட்’ என்ற கட்டளை இருக்கிறது.