எப்போதாவது அச்சிடும் வீட்டுக்கு எந்தப் பிரின்டர்?

இரவு ஒன்பதரை மணி. சந்தியில் உள்ள போட்டோக்கொப்பிக் கடை பூட்டியாகிவிட்டது. அப்போதுதான் பிள்ளை புத்தகப் பையைத் திறந்து, "உம்மா, நாளைக்கு இந்தச் செயலட்டையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாங்க டீச்சர்" என்கிறது. மேசை மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பிரின்டரை அவசரமாகத் திறக்கிறீர்கள். ஓசையெல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது. தாளும் வெளியே வருகிறது. ஆனால் எழுத்துக்களுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள். பாதி வரிகள் காணவே இல்லை.

சகோதரிகளே, இந்தக் காட்சி உங்கள் வீட்டில் நடந்ததில்லையா? எங்கள் வீட்டில் நடந்தது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின், பாடங்கள் வாட்ஸ்அப் வழியாக வரத் தொடங்கின. நானும் சேர்த்து வைத்திருந்த சீட்டுக் காசை எடுத்து, கடையில் இருந்தவற்றுள் விலை குறைந்த கலர் பிரின்டர் ஒன்றை வாங்கினேன். பாடசாலை இல்லாத நாட்களில் அது நன்றாகவே உழைத்தது. பாடசாலைகள் வழமைக்குத் திரும்பியபின் மாதத்துக்கு நாலைந்து தாள் என்றாகி, பிறகு இரண்டு மாதம் தொடப்படாமலே கிடந்தது. அடுத்த முறை அச்சிட்டபோது மேலே சொன்ன கதைதான். சுத்தம் செய்யும் கட்டளையை நாலைந்து தடவை கொடுத்தேன். எழுத்தும் தெளியவில்லை, இருந்த மையும் தீர்ந்தது. புதிய மை வாங்கப் போனால் கறுப்பும் கலருமாக இரண்டு காட்ரிஜின் விலை, பிரின்டர் வாங்கிய விலையில் பெரும்பங்கு வந்தது.

இதில் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். "கலரா, கறுப்பா?" என்று அவர் கேட்டார், பதில் சொன்னேன். "எத்தனை நாளைக்கு ஒருமுறை அச்சிடுவீர்கள்?" என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. நம்மைப் போல எப்போதாவது அச்சிடும் வீட்டார் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே.

மை ஏன் காய்கிறது?

வீடுகளில் அதிகம் காணப்படுவது இங்க்ஜெட் வகைப் பிரின்டர். இதில் மை திரவமாக இருக்கிறது. தலைமயிரிலும் மெல்லிய பல துளைகள் வழியாக அந்த மை சின்னஞ்சிறு துளிகளாகத் தாளில் தெறிக்கிறது. மையின் பெரும்பகுதி தண்ணீர். பல நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் துளை வாயிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போய், நிறப்பொருள் மட்டும் அங்கே படிந்து துளையை அடைத்துவிடுகிறது. மூடி போடாமல் வைத்த பேனை எழுத மறுப்பதைப் போன்றதுதான் இது.

அடைப்பை எடுக்கப் பிரின்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். எதனால் சுத்தம் செய்கிறது தெரியுமா? நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அதே மையினால்தான். அந்த மை துளைகள் வழியாக இழுக்கப்பட்டு, உள்ளே இருக்கும் ஒரு பஞ்சுத் தட்டில் போய்ச் சேர்கிறது. ஆகவே, மாதம் இரண்டு தாள் அச்சிடும் வீட்டில் தாளுக்குப் போகும் மையைவிடப் பஞ்சுக்குப் போகும் மை அதிகமாகிவிடலாம். "நான் ஒன்றுமே அச்சிடவில்லையே, மை எப்படி முடிந்தது?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

காயாத மை

மற்ற வகை லேசர் பிரின்டர். இதில் திரவமே கிடையாது. டோனர் எனப்படும் நுண்ணிய பிளாஸ்டிக் தூளே மையாகப் பயன்படுகிறது. உள்ளே இருக்கும் உருளையில் மின்னேற்றத்தின் உதவியால் எழுத்து வடிவில் தூள் ஒட்டி, தாளுக்கு மாறி, பின் சூட்டினால் உருகித் தாளோடு பிடித்துக்கொள்கிறது. லேசர் பிரின்டரிலிருந்து வரும் தாள் இளஞ்சூடாக இருப்பது இதனால்தான்.

இந்த முறைக்கு அடிப்படையான கண்டுபிடிப்பை அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22ஆம் திகதி நியூயோர்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செய்து காட்டினார். பிற்பாடு அதற்கு வைத்த பெயர் 'ஸெரோகிராஃபி'. கிரேக்க மொழியில் 'உலர்ந்த எழுத்து' என்று பொருள். நமது தேவைக்கு அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது. உலர்ந்த தூள் மேலும் காய்வதற்கு ஒன்றுமில்லை. ரமழான் முழுவதும் தொடாமல் வைத்திருந்து பெருநாள் கழிந்து போட்டாலும், முதல் தாளே தெளிவாக வரும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பு லேசர் கறுப்பில் மட்டுமே அச்சிடும். கலர் லேசர் இருக்கிறது. ஆனால் விலையும் பருமனும் அதிகம், நான்கு டோனர் வேண்டும். புகைப்படத்துக்கு லேசர் ஏற்றதல்ல. தூளை உருக்கச் சூடு தேவைப்படுவதால், வேலை தொடங்கும்போது சில நூறு வொட் மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும். எனவே கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யூ.பி.எஸ்.ஸில் லேசர் பிரின்டரைப் பொருத்தாதீர்கள். சுவரிலுள்ள பிளக்கிலேயே பொருத்துங்கள்.

மை நிரப்பும் தாங்கிப் பிரின்டர்

"போத்தலில் மை ஊற்றும் பிரின்டர் மலிவாமே?" என்று பலர் கேட்கிறார்கள். 2010இல் எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்கு விட்ட வகை இது. இப்போது வேறு நிறுவனங்களும் செய்கின்றன. ஒரு பக்கத்துக்கான மைச் செலவு மிகக் குறைவு என்பது உண்மையே. தினமும் அச்சிடும் டியூஷன் வகுப்புக்கும் சிறு தொழிலுக்கும் அது மிக நல்லது.

ஆனால் அதுவும் திரவ மைதான். அதன் துளைகளும் காயும். ஒரு போத்தல் கறுப்பு மையில் 4,000க்கும் மேற்பட்ட பக்கங்கள் அச்சிடலாம் என்று சொல்லி விற்கும் பிரின்டர்கள் உண்டு. மாதம் 15 பக்கம் அச்சிடும் வீட்டில் ஒரு வருடத்துக்கு 180 பக்கம். அந்தப் போத்தல் முடிய 22 வருடம் வேண்டும்! மலிவான மையை வாங்கி, அதைப் பயன்படுத்த முடியாமல் வைத்திருப்பதில் என்ன இலாபம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வாங்குமுன் ஒரு கொப்பியில் மூன்று மாதத்துக்கு எழுதி வையுங்கள்: என்ன அச்சிட்டோம், எத்தனை பக்கம், கலர் உண்மையில் தேவைப்பட்டதா? செயலட்டை, கடந்தகால வினாத்தாள், மத்ரஸா நேரசூசி, விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி என்று பார்த்தால், அநேகமாக எல்லாமே கறுப்பில் முடியும் வேலைகள் என்பது தெரியவரும்.

அடுத்து, கடைக் கணக்கு. கடையில் ஒரு பக்கம் 20 ரூபா என்றும், கறுப்பு லேசர் ஒன்று 45,000 ரூபா என்றும் ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 180 பக்கம் என்றால் கடைக்குக் கொடுப்பது 3,600 ரூபா. பிரின்டரின் விலை மட்டும் மீளப் பன்னிரண்டரை வருடம் வேண்டும். தாளும் டோனரும் மின்சாரமும் அதற்கு மேல். பணத்தை மட்டும் பார்த்தால், எப்போதாவது அச்சிடும் வீட்டுக்குப் பிரின்டரே தேவையில்லை. கடைக்குப் போவதுதான் சிக்கனம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பணக் கணக்குக்கு அப்பால்

ஆனாலும் நமக்கு வேறு கணக்குகளும் இருக்கின்றன. கைக்குழந்தையோடு இருப்பவள் ஒரு தாளுக்காகக் கடைக்குப் போக முடியாது. மகனோ, கணவரோ வரும்வரை காத்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை அறிக்கை, வங்கிக் கடிதம், கடவுச்சீட்டுப் பிரதி போன்றவற்றைக் கடையின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பினால், அவை அங்குள்ள தொலைபேசியிலும் கணினியிலும் தங்கிவிடலாம். மகப்பேற்று வைத்தியர் கொடுத்த அறிக்கையை முன்பின் அறியாத ஓர் இளைஞன் திறந்து பார்த்து அச்சிட்டுத் தருவதை எத்தனை பேர் விரும்புவோம்? கடையில்தான் அச்சிட வேண்டியிருந்தால் யூ.எஸ்.பி.யில் கொண்டுபோய், உங்கள் கண்முன்னே அச்சிட்டு, கணினியில் பிரதி ஏதும் இருந்தால் அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஒரே ஒழுங்கையில் தாத்தா வீடு, தங்கச்சி வீடு, மாமி வீடு என்று மூன்று வீடுகள் இருந்தால், மூவரும் சேர்ந்து ஒரு கறுப்பு லேசர் வாங்கலாம். மூன்று வீட்டுக்கும் வருடத்துக்கு 540 பக்கம். மேற்சொன்ன அதே விலையில், கடைக்குப் போயிருக்கக்கூடிய பணம் 10,800 ரூபா. பிரின்டரின் விலையை எட்ட நான்கு வருடத்துக்குச் சற்று மேல் போதும். சொந்தத்துக்குள்ளே என்பதால் அறிக்கைகளும் வெளியே போகாது. தாள் அவரவருடையது, டோனர் செலவு பங்கு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் மனக்கசப்பும் வராது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

முதலாவது, டோனரின் விலையும் அது எத்தனை பக்கம் தரும் என்பதும். பக்கக் கணக்கு, தாளில் சுமார் 5 வீதமே மை படும் என்ற அடிப்படையில் சொல்லப்படுவது. படங்கள் நிறைந்த செயலட்டைக்கு அதைவிட அதிகம் போகும். புதிய பிரின்டரோடு வரும் டோனர் பெரும்பாலும் முழுமையாக நிரப்பப்பட்டதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அது 700 பக்கம் தந்தால்கூட, மாதம் 15 பக்கம் அச்சிடும் வீட்டுக்கு மூன்றே முக்கால் வருடத்துக்கு மேல் போதும்.

இரண்டாவது, உருளை டோனரோடு சேர்ந்ததா, தனியாக வாங்க வேண்டியதா என்பது. தனியானது என்றால் அதன் விலையையும் கேளுங்கள்.

மூன்றாவது, கையடக்கத் தொலைபேசியிலிருந்து வைஃபை மூலம் அச்சிட முடியுமா? கணினி இல்லாத வீட்டுக்கு இது மிக அவசியம். கடையிலேயே உங்கள் தொலைபேசியிலிருந்து ஒரு தாள் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காவது, உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும்? உங்கள் ஊரிலேயே திருத்தக்கூடிய வகை, கொழும்புக்கு அனுப்ப வேண்டிய வகையைவிட மேலானது.

அலுவலகங்களில் பாவித்த லேசர் பிரின்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. அப்படி வாங்குவதென்றால், இதுவரை எத்தனை பக்கம் அச்சிட்டது என்பதைக் காட்டும் தாளைப் பிரின்டரிலிருந்தே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அச்சில் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால் உருளை தேய்ந்திருக்கக்கூடும். அதன் டோனர் இன்னும் சந்தையில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே இங்க்ஜெட் இருந்தால்

உள்ளதை எறிந்துவிட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை, குறைந்தது இரு வாரத்துக்கு ஒருமுறை, எல்லா நிறமும் உள்ள ஒரு தாளை அச்சிடுங்கள். வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது. ஒருபுறம் வெறுமையாக உள்ள பழைய தாளே இதற்குப் போதும்.

சுவர் சுவிட்சை மட்டும் அணைக்கும் பழக்கத்தை விடுங்கள். பிரின்டரிலுள்ள பட்டனை அழுத்தி அணைத்தால்தான், அது மைத் துளைகளை மூடி வைத்து ஓய்வுக்குப் போகும். அதன் பிறகு சுவர் சுவிட்சை அணைக்கலாம்.

அடைப்பு வந்தால் சுத்தம் செய்யும் கட்டளையை இரண்டு, மூன்று தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள். சில மணி நேரம் விட்டு மீண்டும் பாருங்கள். காட்ரிஜிலேயே துளைகள் அமைந்த வகை என்றால், காட்ரிஜை மாற்றினால் பிரின்டர் பிழைத்துக்கொள்ளும். துளைகள் பிரின்டரோடு நிலையாக உள்ள வகை என்றால், திருத்தச் செலவை முதலில் கேட்டறிந்து முடிவெடுங்கள்.

லேசர் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. டோனர் தூள் சிந்தினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். சுடுநீர் பட்டால் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். சாதாரண வெக்குயூம் கிளீனரால் இழுக்கவும் கூடாது.

தாளையும் கவனியுங்கள். நம் கரையோர ஊர்களின் ஈரக் காற்றில் திறந்து கிடக்கும் தாள் சுருண்டு பிரின்டருக்குள் சிக்கும். பாவித்த மீதியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. இயன்றவரை தாளின் இருபுறமும் அச்சிடுவோம்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்கு ஒரு கறுப்பு லேசர் இருக்கிறது. கலர் வேண்டிய அபூர்வ நாட்களில் கடைக்குப் போகிறோம். சகோதரிகளே, நீங்கள் பிரின்டர் வாங்கப் புறப்படுமுன் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பாக அந்தக் கொப்பியைப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு தாள்தான் என்றால் காசைப் பத்திரப்படுத்திக்கொண்டு கடைக்கே போங்கள். அதற்கு மேலென்றால், உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது காத்திருந்தாலும் காயாத பிரின்டர்தான்.