தாய்ப்பால் அருந்தும் பச்சிளங்குழந்தையின் மலம்

பிறந்தது முதல் 28 நாட்கள் வரையான குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படும். தாய்ப்பால் மட்டும் அருந்தும் பச்சிளங்குழந்தையின் மலம், பிறந்த முதல் ஐந்து நாட்களுக்குள் கரும்பச்சையிலிருந்து பழுப்பு கலந்த பச்சையாகவும், பின்னர் கடுகு மஞ்சளாகவும் மாறுகின்றது. நிறத்துடன் மலத்தின் இளக்கமும், ஒரு நாளில் வெளியேறும் எண்ணிக்கையும் மாறுகின்றன. இம்மாற்றம் இயல்பான உடலியங்கியல் நிகழ்வாகும்.

புட்டிப்பால் அருந்தும் குழந்தை எவ்வளவு குடித்தது என்பதைப் புட்டியைப் பார்த்து அறியலாம். தாயின் மார்பில் அருந்தும் குழந்தைக்கு அவ்வாறு அளவிட இயலாது. எனவே, உள்ளே சென்ற பால் போதுமானதா என்பதை, வெளியேறும் மலத்தையும் சிறுநீரையும் கொண்டே வீட்டிலுள்ளோர் மதிப்பிட வேண்டியுள்ளது. சில பிறவிக் குறைபாடுகளின் முதல் அறிகுறியும், டயாப்பர் எனப் பரவலாக அறியப்படும் அணையாடையிலேயே தென்படுகின்றது.

காட்டுப்பீ

குழந்தையின் முதல் மலம் தமிழில் காட்டுப்பீ எனப்படும். மருத்துவத்தில் இது மெக்கோனியம் என வழங்கப்படுகின்றது. இப்பெயர், கசகசாச் செடியின் சாற்றைக் குறிக்கும் பண்டைக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். அச்சாற்றைப் போலவே முதல் மலமும் கரிய நிறமும் பிசுபிசுப்பும் கொண்டது.

கரு தாயின் வயிற்றில் இருக்கும்போதே காட்டுப்பீ உருவாகின்றது. கரு விழுங்கும் பனிக்குட நீர், அதில் மிதக்கும் நுண்ணிய உடல் முடிகள், உதிர்ந்த தோல் மற்றும் குடற்சுவர் உயிரணுக்கள், சளி, பித்தநீர் ஆகியன இதில் அடங்கும். இதன் பெரும்பகுதி நீராகும். இதற்கு மணம் ஏறக்குறைய இல்லை. தாரைப் போல ஒட்டுவதால் தோலிலிருந்து துடைத்து எடுப்பது கடினமாக இருக்கும்.

நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைகளுள் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்திற்குள்ளும், ஏறக்குறைய அனைத்தும் 48 மணி நேரத்திற்குள்ளும் காட்டுப்பீயை வெளியேற்றிவிடும். குறைமாதக் குழந்தைகளில் இது தாமதமாகலாம்.

சீம்பாலும் இடைநிலை மலமும்

முதல் இரண்டு, மூன்று நாட்களில் தாயிடம் சுரக்கும் மஞ்சள் நிறமான கெட்டிப் பால் சீம்பால் எனப்படும். இது அளவில் குறைவானது. ஆனால் புரதமும் நோயெதிர்ப்புப் பொருள்களும் நிறைந்தது. குடலின் இயக்கத்தைத் தூண்டிக் காட்டுப்பீ வெளியேற உதவும் மலமிளக்கித் தன்மையும் இதற்கு உண்டு.

மூன்றாம், நான்காம் நாட்களில் பால் சுரப்பு பெருகும்போது, எஞ்சியுள்ள காட்டுப்பீயும் புதிய பாலின் கழிவும் கலந்து வெளியேறுகின்றன. இது இடைநிலை மலம் எனப்படும். இதன் நிறம் பழுப்பு கலந்த பச்சையிலிருந்து மஞ்சள் கலந்த பச்சை வரை இருக்கும்; பிசுபிசுப்பும் குறைந்திருக்கும்.

மஞ்சள் மலம்

ஏறக்குறைய ஐந்தாம் நாள் முதல் மலம் மஞ்சளாகின்றது. இது இளகியோ நீர்த்தோ இருக்கும். இதனிடையே சிறு விதைகளைப் போன்ற வெண்மஞ்சள் துணுக்குகள் காணப்படும். இவை பாலின் கொழுப்பும் திரைந்த பாலுமாகும். நோயின் அறிகுறி அல்ல. மணம் மிதமான புளிப்பாக இருக்கும்.

மாவுப்பால் அருந்தும் குழந்தையின் மலம் இதைவிடக் கெட்டியாகவும், வெளிர் பழுப்பாகவும், கடுமையான மணத்துடனும் இருப்பது வழக்கம். மாவுப்பாலின் கொழுப்பு செரிக்கும்போது பிரியும் பால்மிடிக் அமிலம், கால்சியத்துடன் சேர்ந்து கரையாத சவர்க்காரப் பொருளாவது இக்கெட்டித் தன்மைக்கு ஒரு காரணமாகும். தாய்ப்பாலில் இவ்வமிலம் கொழுப்பு மூலக்கூறில் வேறு இடத்தில் பிணைந்திருப்பதால் எளிதில் உறிஞ்சப்படுகின்றது.

நிற மாற்றத்தின் காரணம்

மலத்தின் நிறத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது பித்தநீரிலுள்ள நிறமிகளாகும். முதிர்ந்த செங்குருதியணுக்கள் சிதையும்போது, அவற்றிலுள்ள ஈமோகுளோபினிலிருந்து முதலில் பிலிவெர்டின் என்னும் பச்சை நிறமியும், அதிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியும் உருவாகின்றன. கல்லீரல் பிலிருபினை நீரில் கரையும் வடிவாக மாற்றிப் பித்தநீரின் வழியாகக் குடலுக்கு அனுப்புகின்றது. வளர்ந்தோரின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இதனைப் பழுப்பு நிறமியாக மாற்றுகின்றன. வளர்ந்தோரின் மலம் பழுப்பாக இருப்பது இதனாலேயே.

பச்சிளங்குழந்தையின் குடலில் இந்நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை. எனவே பிலிருபின் மஞ்சளாகவே வெளியேறுகின்றது. ஆக்சிசனேற்றம் அடைந்தால் மீண்டும் பச்சையாகின்றது. குழந்தையின் மலம் மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே மாறுவதற்கு இதுவே காரணம். எப்போதாவது மலம் பச்சையாக வெளியேறுவது மட்டும் நோயாகாது.

இதே நிறமி மஞ்சட்காமாலையுடனும் தொடர்புடையது. பச்சிளங்குழந்தையின் குடலிலுள்ள ஒரு நொதியம், கல்லீரல் மாற்றியனுப்பிய பிலிருபினை மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவருகின்றது. காட்டுப்பீ குடலில் நெடுநேரம் தங்கினால் இந்தப் பிலிருபின் திரும்பவும் குருதிக்குள் உறிஞ்சப்பட்டு மஞ்சட்காமாலை மிகுகின்றது. எனவே முதல் நாட்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பாலூட்டுவதும், அதனால் மலம் தடையின்றி வெளியேறுவதும் குழந்தையின் உணவுக்கு மட்டுமன்றி, மஞ்சட்காமாலையின் அளவைக் குறைப்பதற்கும் தேவையானவை.

குடல் நுண்ணுயிர்கள்

பச்சிளங்குழந்தையின் மலம் நுண்ணுயிரியல் வரலாற்றில் முக்கிய இடம் பெற்றது. செருமானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எசெரிக் 1885 ஆம் ஆண்டு குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்து விவரித்த நுண்ணுயிர், பின்னாளில் அவர் பெயரால் எசெரிக்கியா கோலி எனப்பட்டது. பாரிசில் உள்ள பாசுச்சர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்றி டிசியே, 1899 ஆம் ஆண்டு தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் மலத்திலிருந்து இரு கிளையாகப் பிரியும் வடிவுடைய நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இது இன்று பிஃபிடோபாக்டீரியம் என அழைக்கப்படுகின்றது.

தாய்ப்பாலில் லாக்டோசு, கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்து மிகுதியாக உள்ள திண்மப் பொருள், குழந்தையால் செரிக்க இயலாத சிறு சர்க்கரைத் தொடர்களாகும். குழந்தைக்கு நேரடியாக உணவாகாத இவை, பிஃபிடோபாக்டீரியங்களுக்கு உணவாகின்றன. இந்நுண்ணுயிர்கள் வெளியிடும் அமிலங்கள் குடலின் அமிலத்தன்மையை உயர்த்தி, தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்கின்றன. மலத்தின் புளிப்பு மணமும் இவ்வமிலங்களால் ஏற்படுவதாகும்.

நாள்வாரியான எதிர்பார்ப்பு

நிறைமாதத்தில் பிறந்து, தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தையிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படும் குறைந்த அளவுகள் பின்வருமாறு:

- முதல் நாள்: சிறுநீர் 1 முறை, மலம் 1 முறை, கரும்பச்சை
- இரண்டாம் நாள்: சிறுநீர் 2 முறை, மலம் 1 முதல் 2 முறை, கரும்பச்சை
- மூன்றாம் நாள்: சிறுநீர் 3 முறை, மலம் 2 முதல் 3 முறை, பழுப்பு கலந்த பச்சை
- நான்காம் நாள்: சிறுநீர் 4 முறை, மலம் 3 முறை, மஞ்சள் கலந்த பச்சை
- ஐந்தாம் நாளுக்குப் பின்: சிறுநீர் 6 முறை அல்லது கூடுதல், மலம் 3 முதல் 4 முறை அல்லது கூடுதல், மஞ்சள்

குழந்தைக்குக் குழந்தை சிறு வேறுபாடுகள் இருக்கும். பாலூட்டும் ஒவ்வொரு முறையும் மலம் கழிப்பதும் இயல்பே. இரைப்பை நிறையும்போது பெருங்குடல் இயக்கம் பெறுவதே இதற்குக் காரணம்.

ஐந்தாம் நாளிலும் மலம் கரும்பச்சையாகவோ, பழுப்பாகவோ, மிகச் சிறிதளவாகவோ இருந்தால், குழந்தைக்குப் போதிய பால் கிடைக்கவில்லை என ஐயுற வேண்டும். அப்போது குழந்தையை எடை பார்த்து, மார்பைச் சரியாகப் பற்றிச் சப்புகின்றதா என்பதை மருத்துவரோ செவிலியரோ நேரில் காண்பது நல்லது. பிறந்த எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை முதல் நாட்களில் குறைவதுண்டு. இழந்த எடையை 10 முதல் 14 நாட்களுக்குள் குழந்தை மீட்டுவிட வேண்டும்.

சிறுநீர்

பச்சிளங்குழந்தையின் சிறுநீர் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். உறிஞ்சும் தன்மை மிகுந்த அணையாடையில் நனைந்ததா என்பதை அறிவது கடினம். உலர்ந்த அணையாடையில் மூன்று மேசைக்கரண்டி நீரை ஊற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால், நனைந்த அணையாடையின் கனம் எவ்வாறிருக்கும் என்பது புலப்படும்.

முதல் இரண்டு, மூன்று நாட்களில் செங்கற்பொடியைப் போன்ற இளஞ்சிவப்புக் கறை காணப்படலாம். இது குருதி அன்று. செறிந்த சிறுநீரிலுள்ள யூரிக் அமில உப்புகளின் படிகமாகும். நான்கு நாட்களுக்குப் பின்னும் இக்கறை தொடர்ந்தால் பால் போதவில்லை எனக் கொள்ளலாம். பெண் குழந்தைகளில் முதல் வாரத்தில் சிறிதளவு வெண்ணிறக் கசிவோ குருதிக் கசிவோ ஏற்படலாம். தாயிடமிருந்து பெற்ற இயக்குநீர்கள் பிறப்புக்குப் பின் குறைவதால் ஏற்படும் இது, தானாகவே நின்றுவிடும்.

ஆறு வாரங்களுக்குப் பின்

நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின் பல குழந்தைகளில் மலம் கழிக்கும் எண்ணிக்கை குறைகின்றது. சில குழந்தைகள் பல நாட்களுக்கு ஒருமுறை, சிலவேளை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே மலம் கழிக்கின்றன. மலம் இளகியதாகவும், வயிறு மென்மையாகவும், எடை சீராகக் கூடியும் இருந்தால் இது மலச்சிக்கல் அன்று. முதல் மாதத்தில் இத்தகைய இடைவெளி ஏற்பட்டால், அது பால் போதாமையின் அடையாளமாக இருக்கலாம். ஒரே அறிகுறி குழந்தையின் அகவையைப் பொறுத்து வேறு பொருள் தருகின்றது என்பது இங்கே கருதத்தக்கது.

வயிற்றுப்போக்கிலிருந்து வேறுபாடு

நாளொன்றுக்கு எட்டு, பத்து முறை நீர்த்த மலம் கழிப்பதைக் கண்டு அதனை வயிற்றுப்போக்கு எனக் கருதிப் பாலை நிறுத்தும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் இளகிய மலம் வயிற்றுப்போக்கு ஆகாது என உலக சுகாதார அமைப்பு தன் வரையறையிலேயே குறிப்பிடுகின்றது. குழந்தையின் வழக்கமான நிலையிலிருந்து திடீரென மலத்தின் எண்ணிக்கையும் நீரளவும் கூடுதல், சளி அல்லது குருதி கலந்திருத்தல், காய்ச்சல், பால் அருந்த மறுத்தல், சோர்வு ஆகியவையே நோயைச் சுட்டும். உண்மையான வயிற்றுப்போக்கிலும் தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது.

சேனை வைத்தல்

தமிழகத்தின் பல பகுதிகளில் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் அல்லது தேனைத் தொட்டு வைக்கும் வழக்கம் சேனை வைத்தல் எனப்படுகின்றது. காட்டுப்பீ வெளியேறுவதற்கென விளக்கெண்ணெய் கொடுப்பதும், சீம்பாலைப் பழைய பால் எனப் பீய்ச்சிக் களைவதும் உண்டு. சர்க்கரைத் தண்ணீரால் வயிறு நிறைந்த குழந்தை குறைவாகவே மார்பைச் சப்பும். சப்புவது குறைந்தால் பால் சுரப்பும் தாமதமாகும். இதனால் காட்டுப்பீயை வெளியேற்றும் சீம்பாலே குழந்தைக்குக் கிடைக்காமல் போகின்றது. தேனில் இருக்கக்கூடிய கிளாசுட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் குழந்தைக்குத் தசைவாதத்தை ஏற்படுத்த வல்லவை. எனவே ஓர் அகவை நிறையும்வரை தேன் கொடுத்தல் ஆகாது.

உடனடிக் கவனம் தேவைப்படும் நிலைகள்

காட்டுப்பீ வெளியேறாமை: 24 மணி நேரத்திற்குள் காட்டுப்பீ வெளியேறாவிடில் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆசனவாய் மூடியிருத்தல், குடல் அடைப்பு, பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமை ஆகியன இதற்குக் காரணமாகலாம். இறுதியாகக் கூறப்பட்ட நோய், 1886 ஆம் ஆண்டு அதனை விவரித்த டென்மார்க்கு மருத்துவர் அரால்டு ஈர்சுபுருங்கு என்பவரின் பெயரால் அழைக்கப்படுகின்றது. வயிறு உப்புதலும் பச்சை நிற வாந்தியும் சேர்ந்திருந்தால் அது அவசர நிலையாகும்.

குருதி: தாயின் மார்புக் காம்பு வெடித்திருந்தால் குழந்தை விழுங்கும் குருதி, மலத்தைக் கருமையாக்கலாம். காட்டுப்பீ நின்ற பின் கரிய மலமோ, எந்நாளிலும் சிவந்த குருதியோ காணப்பட்டால் மருத்துவரே அதன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். குருதி உறைவதற்குத் தேவையான உயிர்ச்சத்து கே பிறக்கும்போது குறைவாக இருப்பதால், பிறந்தவுடன் அது ஊசி மூலம் அளிக்கப்படுகின்றது.

வெளிறிய மலம்: வெள்ளை, சாம்பல் அல்லது களிமண் நிறமான மலம், பித்தநீர் குடலை அடையவில்லை என்பதைக் காட்டுகின்றது. பித்தநாள அடைப்பு என்னும் பிறவி நோய் இதன் முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். இந்நோயுள்ள குழந்தை தொடக்கத்தில் நன்றாகப் பால் அருந்தி, நலமாகவே தோன்றும். காமாலையும் வழக்கமானதாகவே கருதப்படும். இதனால் காலம் கடந்துவிடுகின்றது. 1959 ஆம் ஆண்டு சப்பானின் மோரியோ கசாய் வெளியிட்ட அறுவை மருத்துவத்தில் சிறுகுடல் நேரடியாகக் கல்லீரலுடன் இணைக்கப்படுகின்றது. 60 நாட்களுக்குள் செய்யப்படும்போது இதன் பலன் மிகுதி. தாமதமானால் கல்லீரல் மாற்று அறுவையே வழியாகலாம்.

இதன் பொருட்டு, இயல்பான நிறங்களையும் வெளிறிய நிறங்களையும் அச்சிட்ட மலநிற அட்டை உருவாக்கப்பட்டது. தாய்வான் 2004 ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் குழந்தை நலக் கையேட்டில் இதனைச் சேர்த்தது. சப்பானில் 2012 ஆம் ஆண்டு தாய்சேய் நலக் கையேட்டில் இது சேர்க்கப்பட்டது. பெற்றோர் குழந்தையின் மலத்தை அட்டையுடன் ஒப்பிட்டு, வெளிறிய நிறத்துடன் பொருந்தினால் உடனே மருத்துவமனையை அணுகுகின்றனர். அட்டை இல்லாதவிடத்தும் நினைவில் கொள்ளத்தக்கவை இரண்டு: இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காமாலையை மருத்துவரிடம் காட்ட வேண்டும், வெளிறிய மலமும் அடர்மஞ்சள் சிறுநீரும் காணப்பட்டால் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது.

இவற்றையும் பார்க்கவும்

- தாய்ப்பால்
- சீம்பால்
- மஞ்சட்காமாலை
- பிலிருபின்
- கல்லீரல்